எண்ணிப் பார்த்த அறிஞர்

நுழையும் முன்

தமிழில் எண்ணுதல் என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. ஒன்று, தொகையை அறியக் கணக்கிடுதல்; மற்றொன்று, சிந்தித்தல். சிந்தனையின்றிச் செய்யப்படும் கணக்கு வெறும் இலக்கங்களாக நின்றுவிடும். கணக்கின்றி எழும் சிந்தனை ஊகமாக முடிந்துவிடும். இவ்விரண்டையும் இணைக்கும் அறிவுத்துறையே புள்ளியியல். இந்திய மண்ணில் அத்துறையை வேரூன்றச் செய்தவர் பிரசாந்த சந்திர மகலனோபிஸ். அவரது வாழ்க்கை வரலாற்றையும், அதன் வழியே புள்ளியியலின் அடிப்படைக் கருத்துகளையும் இப்பாடத்தில் அறியலாம்.

பிறப்பும் கல்வியும்

மகலனோபிஸ் 1893ஆம் ஆண்டு ஜூன் 29ஆம் நாள் கல்கத்தா நகரில் பிறந்தார். அவருடைய பாட்டனார் குருசரண் பிரம்ம சமாஜத்தைச் சார்ந்தவர். சமூகத்தின் எதிர்ப்பைப் பொருட்படுத்தாமல் கைம்பெண் ஒருவரை மணந்தவர். வழக்கத்தில் உள்ளது என்பதற்காகவே ஒன்றை ஏற்றுக்கொள்ளாத இயல்பு அக்குடும்பத்தில் நிலவியது. அதே இயல்பு பெயரனிடமும் வளர்ந்தது.

பள்ளிக் கல்வியை முடித்த மகலனோபிஸ் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் பயின்று, 1912ஆம் ஆண்டு இயற்பியலில் பட்டம் பெற்றார். ஜகதீச சந்திர போசும் பிரபுல்ல சந்திர ராயும் அங்கு அவருக்கு ஆசிரியர்களாக விளங்கினர். 1913ஆம் ஆண்டு மேற்படிப்புக்காக இங்கிலாந்து சென்றார். கேம்பிரிட்ஜ் நகரைக் காணச் சென்றபோது திரும்பும் தொடர்வண்டியைத் தவறவிட்டு, ஒரு நண்பருடன் அங்கேயே தங்க நேர்ந்தது. அந்நகரின் அழகு அவரைக் கவர்ந்தது. கிங்ஸ் கல்லூரியில் சேர்ந்து கணிதமும் இயற்பியலும் கற்றார்.

இராமானுஜனின் நட்பு

கும்பகோணத்தில் வளர்ந்த கணித மேதை சீனிவாச இராமானுஜன் 1914ஆம் ஆண்டு கேம்பிரிட்ஜ் வந்து சேர்ந்தார். தாயகத்தை விட்டு நெடுந்தொலைவு வந்த இருவரும் நண்பர்கள் ஆயினர். ஒரு குளிர்காலத்தில் இராமானுஜன் இரவெல்லாம் குளிரில் நடுங்கியதை மகலனோபிஸ் அறிந்தார். படுக்கையில் போர்வைகள் இருந்தும், அவை மெத்தைக்கு அடியில் செருகப்பட்டிருந்தமையால் அவற்றினுள் புகுந்து உறங்கும் முறையை இராமானுஜன் அறிந்திருக்கவில்லை. மேலங்கியை அணிந்தவாறு அவற்றின்மேல் படுத்திருந்தார். மகலனோபிஸ் போர்வைகளை விலக்கிக் காட்டி, அம்முறையைக் கற்றுக்கொடுத்தார்.

மற்றொரு நாள், இராமானுஜன் தம் அறையில் காய்கறி சமைத்துக்கொண்டிருந்தார். மகலனோபிஸ் ஓர் இதழில் வந்த புதிரைப் படித்துக் காட்டினார். ஒரு தெருவில் 50க்கு மேலும் 500க்குள்ளும் வீடுகள் உள்ளன. வீடுகளுக்கு 1 முதல் வரிசையாக எண்கள் இடப்பட்டுள்ளன. ஒரு வீட்டின் இடப்புற எண்களின் கூடுதலும் வலப்புற எண்களின் கூடுதலும் சமமாக உள்ளன. அவ்வீட்டின் எண் யாது என்பதே புதிர். 288 வீடுகள் கொண்ட தெருவில் 204ஆம் வீடு என்பது அதற்குரிய விடை. மகலனோபிஸ் சில நிமிடங்கள் முயன்று அதனைக் கண்டறிந்திருந்தார். இராமானுஜனோ வாணலியில் இருந்ததைக் கிளறியபடியே, அத்தகைய எல்லாத் தெருக்களுக்கும் பொருந்தும் பொதுவிடையை உடனே கூறிவிட்டார்.

இராமானுஜனின் எண்கள் அறிவின் ஆழத்திலிருந்து பிறந்தவை. மகலனோபிஸ் பின்னாளில் கையாண்ட எண்கள் ஆறுகளிலிருந்தும் வயல்களிலிருந்தும் மக்களின் வீடுகளிலிருந்தும் வந்தவை. இவ்வாறு உலகிலிருந்து திரட்டப்படும் விவரங்களையே தரவுகள் என்கிறோம்.

திசை மாற்றிய நூல்கள்

1915ஆம் ஆண்டு மகலனோபிஸ் விடுமுறைக்காகத் தாயகம் திரும்ப ஆயத்தமானார். முதல் உலகப் போரினால் கப்பல் புறப்படத் தாமதமாயிற்று. அந்நாள்களைக் கல்லூரி நூலகத்தில் கழித்தபோது, பயோமெட்ரிகா என்னும் புள்ளியியல் இதழின் தொகுதிகளை ஆசிரியர் ஒருவர் அவருக்குக் காட்டினார். அவற்றில் ஆர்வம் கொண்டு முழுத் தொகுப்பையும் விலைக்கு வாங்கிய மகலனோபிஸ், கப்பல் பயணத்தின்போதே படிக்கத் தொடங்கினார். இயற்பியல் மாணவராகச் சென்றவர் புள்ளியியலில் நாட்டம் கொண்டவராகத் திரும்பினார்.

கல்கத்தாவில் இயற்பியல் ஆசிரியராகப் பணியேற்றார். ஓய்வு நேரத்தில் தேர்வு முடிவுகள், வானிலைக் குறிப்புகள், மனித உடல் அளவுகள் ஆகியவற்றை ஆராய்ந்தார். இவை அனைத்தும் தரவுகளே எனினும் ஒரே வகையைச் சார்ந்தவை அல்ல. ஒருவரின் தாய்மொழி, வயலில் விளையும் பயிரின் பெயர் போன்றவற்றை எண்ணால் அளக்க இயலாது. இவை பண்புசார் தரவுகள். உயரம், மழையளவு, குடும்பத்தினர் எண்ணிக்கை போன்றவை எண்ணால் குறிக்கப்படுவன. இவை அளவுசார் தரவுகள். அளவுசார் தரவுகளும் இருவகைப்படும். குடும்பத்தினர் எண்ணிக்கை 4 ஆகவோ 5 ஆகவோதான் இருக்கும், நான்கரையாக இராது. இது தனித்த தரவு. உயரமோ 150 செ.மீ., 150.5 செ.மீ. என எந்த இடைமதிப்பையும் பெறலாம். இது தொடர் தரவு.

மனித உடல் அளவுகளைக் கொண்டு இரு மக்கள் குழுக்களை ஒப்பிடும்போது ஓர் இடர்ப்பாடு எழுந்தது. உயரமானவர்க்குக் கைகளும் பெரும்பாலும் நீண்டிருக்கும். உயரத்தையும் கையின் நீளத்தையும் தனித்தனியே கணக்கிட்டால், ஒரே வேறுபாட்டை இருமுறை எண்ணியதாகும். தொடர்புடைய பல அளவுகளை ஒருங்கே கருத்திற்கொண்டு, இரு குழுக்களுக்கு இடையிலான வேறுபாட்டைக் கணக்கிடும் வழியை அவர் வகுத்தார். 1936ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட கட்டுரையில் முழுமை பெற்ற அவ்வளவை, மகலனோபிஸ் தொலைவு என்று உலகம் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது.

வெள்ளமும் ஏடுகளும்

1922ஆம் ஆண்டு வட வங்கத்தில் பெருவெள்ளம் ஏற்பட்டது. வெள்ளநீரைத் தடுத்து நிறுத்தும் தேக்கங்களைப் பெரும் பொருட்செலவில் அமைக்கத் திட்டமிடப்பட்டது. மகலனோபிஸிடம் கருத்துக் கேட்கப்பட்டது. அவர் ஏறத்தாழ 50 ஆண்டுகளின் மழை, வெள்ளக் குறிப்புகளை ஆராய்ந்தார். அத்தேக்கங்களால் பயன் விளையாது என்றும், நீர் விரைந்து வடிய வழி செய்வதே தேவை என்றும் கண்டறிந்தார்.

1926ஆம் ஆண்டு ஒடிசாவின் பிராமணி ஆற்றில் வெள்ளம் பெருகியது. ஆற்றின் படுகை மேடாகிவிட்டது என்றும், எனவே கரைகளைப் பல அடி உயர்த்த வேண்டும் என்றும் பொறியாளர் குழு கருதியது. மகலனோபிஸ் ஏறத்தாழ 60 ஆண்டுகளின் மழையளவையும் ஆற்றின் நீர்மட்டத்தையும் ஒப்பிட்டார். படுகை உயர்ந்ததற்கான சான்று அக்குறிப்புகளில் இல்லை. மேல்பகுதியில் பெய்த பெருமழையே வெள்ளத்தின் காரணம். ஆகவே கரையை உயர்த்துவதைவிட, மேல்பகுதியில் அணை கட்டி நீரைத் தேக்குவதே உரிய வழி என அவர் எடுத்துரைத்தார். மகாநதிப் பகுதியில் வெள்ளத் தடுப்பு, பாசனம், மின்னாக்கம் ஆகிய மூன்றுக்கும் பயன்படும் திட்டத்திற்கான தொடக்கக் கணக்குகளையும் அவர் செய்தார். பல ஆண்டுகளுக்குப் பின், 1957ஆம் ஆண்டு, மகாநதியின் குறுக்கே ஹிராகுட் அணை திறக்கப்பட்டது.

அவர் பயன்படுத்திய மழைக்குறிப்புகள் அவரே அளந்து எழுதியவை அல்ல. பிறர் முன்னரே பதிவு செய்தவை. இத்தகையவை இரண்டாம்நிலைத் தரவுகள் எனப்படும். ஆய்வாளர் தாமே நேரில் சென்று திரட்டுபவை முதல்நிலைத் தரவுகள். மழைமானியில் நாள்தோறும் நீரளவைக் கண்டு ஏட்டில் குறித்த ஊழியர்கள், அது எதற்குப் பயன்படும் என அறிந்திருக்க மாட்டார்கள். எனினும் அவர்கள் நேர்மையாக எழுதிய ஏடுகளே, பிற்காலத்தில் பயனற்ற செலவைத் தவிர்த்து, வெள்ளத்திலிருந்து ஊர்களைக் காக்கும் வழியைக் காட்டின.

ஒரு பானைச் சோறு

1931ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆம் நாள் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை மகலனோபிஸ் தோற்றுவித்தார். மாநிலக் கல்லூரியின் இயற்பியல் துறையில் ஓர் அறையே அதன் முதல் இருப்பிடம். 1933ஆம் ஆண்டு சாங்கியா என்னும் ஆய்விதழ் தொடங்கப்பெற்றது. எண் என்று பொருள்படும் சங்கியா என்னும் வடசொல்லோடு உறவுடையது இப்பெயர்.

வங்கத்தில் சணல் முதன்மையான பணப்பயிர். விளைச்சல் எவ்வளவு என்பது முன்கூட்டியே தெரியாவிடில் விலை நிலையாக இராது. உழவர் இழப்புக்கு உள்ளாவர். ஒவ்வொரு வயலையும் அளப்பதாயின் காலமும் பணமும் மிகுதியாகும். அளந்து முடிப்பதற்குள் அறுவடையும் முடிந்துவிடும். இதற்கு மகலனோபிஸ் கண்ட தீர்வு, கூறெடுத்தல் என்னும் முறை.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்னும் பழமொழி தமிழர் நன்கறிந்தது. பானைச் சோறு முழுவதும் முழுமைத்தொகுதி. பதம் பார்க்க எடுக்கும் பருக்கை கூறு. ஆனால் சமையல் அறிந்தவர் பானையை நன்கு கிளறிய பின்னரே பருக்கையை எடுப்பர். மேற்பகுதியில் மட்டும் எடுத்தால் அடியில் குழைந்திருப்பது தெரியாமற்போகும். அதுபோலவே, கணக்கெடுக்கச் செல்பவரின் விருப்பத்திற்கு விட்டால், சாலையோரத்து வயலையோ செழித்து வளர்ந்த வயலையோ அவர் தேர்ந்தெடுக்கக்கூடும். அதனால் கணக்கு ஒருபக்கம் சாய்ந்துவிடும். எனவே எல்லா வயல்களுக்கும் சமமான வாய்ப்பு அமையுமாறு, சீட்டுக் குலுக்குவதைப் போன்ற முறையில் வயல்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன. இதுவே சமவாய்ப்புக் கூறெடுத்தல்.

1937ஆம் ஆண்டு சிறிய அளவில் தொடங்கிய இவ்வாய்வு ஆண்டுதோறும் விரிவடைந்து, 1941ஆம் ஆண்டு வங்க மாகாணம் முழுவதையும் தழுவியது. ஒரே பகுதிக்கு இரு குழுவினரைத் தனித்தனியே அனுப்பி, அவர்கள் கொணர்ந்த விவரங்களை ஒப்பிடும் வழக்கத்தையும் மகலனோபிஸ் ஏற்படுத்தினார். விவரங்கள் ஒத்திருந்தால் கணக்கை நம்பலாம். பெரிதும் வேறுபட்டால் பிழையைத் தேட வேண்டும். சில வயல்களைக் கண்டு மாகாணம் முழுவதற்கும் கணக்குச் சொல்ல முடியுமா எனப் பலர் ஐயுற்றனர். வணிகக் கணக்குகளோடு ஒப்பிட்டபோது, எல்லா வயல்களையும் அளந்ததாகக் கூறிய கணக்கைவிடக் கூறாய்வின் கணக்கே உண்மைக்கு நெருங்கியிருந்தது. செலவும் பன்மடங்கு குறைந்தது. கவனமின்றிச் செய்யும் முழுக்கணக்கைக் காட்டிலும், கவனத்தோடு செய்யும் சிறுகணக்கே மேலானது என்பது புலனாயிற்று.

1943ஆம் ஆண்டு வங்கப் பஞ்சத்தில் இலட்சக்கணக்கானோர் மாண்டனர். அதன்பின் புள்ளியியல் நிறுவனத்தார் ஊர்களுக்குச் சென்று, நிலத்தையும் மாட்டையும் விற்று வறியவரானோர் நிலையைக் கூறாய்வு வழியே பதிவு செய்தனர். அந்த எண்கள் ஒவ்வொன்றின் பின்னும் ஒரு குடும்பத்தின் துயரம் இருந்தது.

உப்பு சொன்ன கணக்கு

1947ஆம் ஆண்டுக் கலவரத்தின்போது தில்லிச் செங்கோட்டையில் ஏராளமான அகதிகள் தங்கியிருந்தனர். அவர்களுக்கு உணவளித்த ஒப்பந்தக்காரர்கள் அரசிடம் பெருந்தொகை கோரினர். உள்ளே இருப்போர் எத்தனை பேர் என எண்ண இயலாத சூழல். அரசு புள்ளியியல் அறிஞர்களின் உதவியை நாடியது.

மகலனோபிஸின் நிறுவனத்தோடு தொடர்புடைய ஜே. எம். சென்குப்தா ஒரு வழி கூறினார். அரிசி, பருப்பு, உப்பு ஆகியவற்றின் அளவுகள் ஒப்பந்தக்காரர்களின் கணக்கில் இருந்தன. ஒருவர் ஒரு நாளில் உண்ணும் அளவால் ஒவ்வொன்றையும் வகுத்தால் மக்கள்தொகை கிடைக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, ஒருவருக்கு நாளொன்றுக்கு 10 கிராம் உப்பு எனக் கொண்டால், 100 கிலோ உப்பு 10,000 பேருக்கு உரியது. மூன்று பொருள்களும் ஒரே விடையைத் தரவில்லை. அரிசிக் கணக்கு மிகப் பெரிய தொகையையும், உப்புக் கணக்கு மிகச் சிறிய தொகையையும் காட்டின. அரிசி விலை மிக்கது. அதன் அளவைக் கூட்டி எழுதினால் ஆதாயம் உண்டு. உப்போ விலை மலிந்தது; அதில் பொய் சொல்லிப் பெறும் பயன் ஏதுமில்லை. ஆகவே உப்பின் கணக்கே நம்பத்தக்கது என்று முடிவு செய்யப்பட்டது. தொகை முன்பே தெரிந்திருந்த ஹுமாயூன் கல்லறை முகாமில் இம்முறை சோதிக்கப்பட்டபோது ஏறத்தாழச் சரியான விடை கிடைத்தது. தரவு கையில் கிடைத்தால் மட்டும் போதாது. அதனைத் தந்தவர் யார், அவருக்கு அதனால் ஆதாயம் உண்டா என்பதையும் ஆராய வேண்டும் என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகிறது.

நாடு தழுவிய பணி

விடுதலைக்குப் பின் மகலனோபிஸ் நடுவண் அரசின் மதிப்புறு புள்ளியியல் ஆலோசகரானார். புதிய நாடு தன் மக்கள் எதை உண்கின்றனர், எதை ஈட்டுகின்றனர் என்பதை அறிய வேண்டியிருந்தது. அதற்காக 1950ஆம் ஆண்டு தேசியக் கூறாய்வு தொடங்கப்பட்டது. ஆய்வாளர்கள் பல மொழிகள் வழங்கும் ஊர்களுக்குச் சென்றனர். தமிழகத்தில் நெல்லை மரக்காலாலும் படியாலும் அளந்தனர். வங்கத்தில் மணங்கு, சேர் என்னும் அளவுகள் வழங்கின. இவற்றை ஒரே அளவுக்கு மாற்றினாலன்றி ஒப்பிட இயலாது.

திரட்டிய தரவுகளைச் சுருக்கிக் கூறவும் வழி வேண்டும். ஓர் ஊரில் ஐந்து குடும்பங்களிடம் முறையே 1, 2, 2, 3, 42 ஏக்கர் நிலம் இருப்பதாகக் கொள்ளலாம். மொத்தம் 50 ஏக்கர். அதனை 5ஆல் வகுத்தால் சராசரி 10 ஏக்கர். ஏறுவரிசையில் நடுவில் நிற்கும் எண் 2, அது இடைநிலை. மிகுதியான முறை வரும் எண்ணும் 2; அது முகடு. மிகப் பெரிய எண்ணுக்கும் மிகச் சிறிய எண்ணுக்கும் உள்ள வேறுபாடு 41, அது வீச்சு. சராசரியை மட்டும் நோக்கினால் அவ்வூர் வளமான ஊராகத் தோன்றும். உண்மையில் நான்கு குடும்பங்களுக்கு 3 ஏக்கருக்கு மேல் நிலமில்லை. எந்த எண்ணைச் சொல்வது என்பதும் நேர்மையோடு தொடர்புடையது.

1956ஆம் ஆண்டு தொடங்கிய இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தை வகுப்பதில் மகலனோபிஸ் பெரும்பங்கு ஆற்றினார். கனரகத் தொழில்களுக்கு முதலிடம் தந்த அத்திட்டம் குறித்துப் பொருளியல் அறிஞரிடையே கருத்து வேறுபாடுகளும் எழுந்தன. 1959ஆம் ஆண்டு நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தால் அவரது நிறுவனம் தேசிய முதன்மை வாய்ந்த நிறுவனம் ஆயிற்று. 1968ஆம் ஆண்டு அவருக்குப் பத்ம விபூஷண் விருது வழங்கப்பட்டது. 1972ஆம் ஆண்டு ஜூன் 28ஆம் நாள், 79ஆம் பிறந்தநாளுக்கு முதல்நாள், அவர் இயற்கை எய்தினார். அவர் பிறந்த ஜூன் 29ஆம் நாள், 2007ஆம் ஆண்டு முதல் தேசியப் புள்ளியியல் நாளாகக் கொண்டாடப்படுகிறது.

இன்றும் கணக்கெடுப்பாளர்கள் வீடுதோறும் வந்து வினவுகின்றனர். பிழைப்புக்காகப் பிறந்த ஊரை விட்டு வேற்று மாநிலத்தில் வாழும் குடும்பங்களும் அக்கணக்கில் இடம்பெறுகின்றன. ஒரு குடும்பம் விடுபட்டால் அதன் தேவையும் விடுபட்டுப் போகும். ஆதலால் கேட்பவர் கவனத்தோடு கேட்பதும், சொல்பவர் உண்மையைச் சொல்வதும் நாட்டுக்குச் செய்யும் தொண்டாகும்.

அருஞ்சொற்பொருள்

ஊகம் – சான்றில்லாமல் கொள்ளும் கருத்து
பெயரன் – பேரன்
படுகை – ஆற்றின் அடித்தளம்
மழைமானி – மழையை அளக்கும் கருவி
முழுமைத்தொகுதி – ஆய்வுக்குரிய அனைத்தும் சேர்ந்த தொகுதி
கூறு – முழுமைத்தொகுதியிலிருந்து ஆய்வுக்காக எடுக்கப்படும் பகுதி

பயிற்சி

அ. ஓரிரு தொடர்களில் விடையளிக்க.

1. எண்ணுதல் என்னும் சொல்லின் இரு பொருள்கள் யாவை?
2. பிராமணி ஆற்று வெள்ளத்திற்கு மகலனோபிஸ் கண்ட காரணம் யாது?
3. அரிசிக் கணக்கைவிட உப்புக் கணக்கு நம்பத்தக்கதாகக் கொள்ளப்பட்டது ஏன்?

ஆ. பண்புசார் தரவு, தனித்த தரவு, தொடர் தரவு என வகைப்படுத்துக.

தாய்மொழி, வகுப்பிலுள்ள மாணவர் எண்ணிக்கை, நாளின் வெப்பநிலை, பிறந்த மாநிலம், புத்தகப் பையின் எடை

இ. கணக்கிடுக.

ஐந்து வீடுகளில் உள்ளோர் எண்ணிக்கை 3, 4, 4, 5, 9. இவற்றின் சராசரி, இடைநிலை, முகடு, வீச்சு ஆகியவற்றைக் காண்க.

ஈ. சிந்தித்து எழுதுக.

பள்ளி மாணவர்கள் நாள்தோறும் எவ்வளவு நேரம் நூல் படிக்கின்றனர் என்பதை அறிய, நூலகத்தில் இருந்த மாணவர்களிடம் மட்டும் வினவப்பட்டது. இக்கூறு பொருத்தமானதா? பானைச் சோற்றுப் பழமொழியோடு ஒப்பிட்டு விளக்குக.

உ. செயல்திட்டம்

வகுப்புத் தோழர் பத்துப் பேரைச் சீட்டுக் குலுக்கித் தேர்ந்தெடுக்க. வீட்டில் பேசும் மொழிகள், இந்நகருக்குக் குடும்பம் வந்து கழிந்த ஆண்டுகள் ஆகியவற்றைக் கேட்டுப் பட்டியலிடுக. ஒவ்வொன்றும் எவ்வகைத் தரவு என்பதையும் குறிப்பிடுக.